படியாகக் குனிந்தவள்

“புத்தக அட்டையில என் பேரும் வரணும், மாஸ்டர்.”

கேட்டே விட்டாள். இந்த வேலையில் அவளுக்கு முன்னால் இருந்த அக்கா, ஸ்டூடியோ சாவியைக் கையில் கொடுத்த அன்றே படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்: “சாப்பாடு கேளு, லீவு கேளு, சண்டைகூடப் போடு. பேரை மட்டும் கேட்டுடாத. நான் கேட்டேன். மறுநாள் வேலை இல்ல.”

மாஸ்டர் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்தார். வாடகை அறையின் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, ஷூவின் அடியில் அப்பியிருந்த மண்ணைப் பேனா முனையால் நோண்டியபடியே சிரித்தார்.

“பேரா? உன் வியாதி எனக்குப் புரியுது, டிகிரி. வீட்டுல முதல் ஆளா காலேஜ் போனவங்க எல்லாருக்கும் வர்றதுதான். பட்டத்துல பேரை அச்சுல பாத்துட்டீங்கல்ல, அப்புறம் பாக்குற சுவத்துல எல்லாம் பேரு வேணும்.”

டிகிரி என்பது அவர் வைத்த பட்டப்பெயர். மூன்று வருடத்தில் அவளுடைய நிஜப் பெயரை அவர் ஒரே ஒரு தடவைதான் வாயால் சொல்லியிருக்கிறார், விசா வரிசையில், அதுவும் தப்பாக.

“பதினோரு கோயில், மாஸ்டர். கேமரா வச்சது நான். எடுத்தது நான். கோத்தது நான்.”

“நேத்து எடுத்ததையும் கோத்து முடி. அட்டைக்கு அதுதான். நாலு மணிக்கு வண்டி வரும், அதுக்குள்ள அனுப்பிடணும்.” உள்ளறைக் கதவைச் சாத்துவதற்கு முன் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். “மூஞ்சியத் தூக்கி வச்சுக்காத. ஸ்கிரீன் இருட்டாகுது.”

கதவு சாத்திக்கொண்டது. திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காகப் பகல் இரண்டு மணிக்கே ஜன்னல் துணிகளை இழுத்து விட்டிருந்தாள். நடுவில் மூடாமல் நின்ற ஒரு விரற்கடை இடைவெளி வழியாக வெயில் இறங்கித் தரையில் ஒரு கோடு போட்டிருந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல், மாடியில் யாரோ நாற்காலி இழுக்கும் கிறீச், தெருவில் ஹாரன், உள்ளே மாஸ்டரின் குறட்டை. எல்லாம் வழக்கமான சத்தங்கள்தான். ஆனால் மூன்று நாளாக மழையே பெய்யாத இந்த வெளிநாட்டு ஊரில், நான்காவது மாடியில், நனைந்த கருங்கல்லின் வாடை எங்கிருந்து வருகிறது என்றுதான் தெரியவில்லை.

வேலை ஒன்றும் மந்திரமில்லை. கோயில் என்றால் கூட்டம் இருக்கும். அதனால் கேமராவை ட்ரைபாடில் அசையாமல் நிறுத்தி, நிமிடத்துக்கு ஒன்றாக முப்பது படம் எடுப்பாள். முப்பதையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கொடுத்தால், பாதிக்கு மேற்பட்ட படங்களில் எது ஒரே இடத்தில் இருக்கிறதோ அதைக் கம்ப்யூட்டர் வைத்துக்கொள்ளும். நடந்தவர்கள், திரும்பியவர்கள், செல்ஃபி எடுத்தவர்கள், அழுத குழந்தைகள் எல்லோரும் காணாமல் போவார்கள். நகராதது மட்டும் மிஞ்சும். மாஸ்டரின் படங்களில் கோயில்கள் ஆளே இல்லாமல் நேற்றுக் கட்டி முடித்த மாதிரி நிற்பது இப்படித்தான். “அவ்வளவு விடியக்காலைல எப்படி சார் போனீங்க?” என்று மேடையில் கேட்பார்கள். மாஸ்டர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

நேற்றைய கோயில் சின்னது. பன்னிரண்டு படிகளுக்கு மேல், உட்கார்ந்த கோலத்தில் ஒரு பெரிய சாமி. அடியில் இருக்கும் படி மட்டும் படி இல்லை, ஒரு பெண். உள்ளங்கைகளும் முழங்கால்களும் தரையில் பதிய, தலை தொங்க, முதுகைப் பலகையாக்கிக் குனிந்திருக்கும் கல்பெண். எத்தனையோ நூறு வருடம் சாமியைப் பார்க்கப் போனவர்கள் மிதித்து மிதித்து அந்த முதுகு நடுவில் குழிந்திருந்தது. இப்போது யாரும் மிதிக்கக் கூடாதென்று கயிறு கட்டி, பக்கத்தில் மரப்படி போட்டிருந்தார்கள்.

முப்பது படங்களையும் அடுக்கிவிட்டுக் காத்திருந்தாள்.

கூட்டம் போய்விட்டது. சாமி இருந்தது. கயிறு இருந்தது. மரப்படி இருந்தது. அடிப்படி இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. தரையில், வெயிலே படாத கல்லின் வெளிறிய நிறத்தில், நான்கு தடங்கள். இரண்டு உள்ளங்கை. இரண்டு முழங்கால்.

ஏதோ தப்பாக அமுக்கிவிட்டோம் என்று மறுபடியும் அடுக்கினாள். மறுபடியும் அதே.

படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள்.

முதல் மூன்றில் குனிந்தவள் தன் இடத்தில் இருந்தாள். நான்கிலிருந்து ஆறு வரை அவள் முதுகின்மேல் மாஸ்டர் நின்றுகொண்டிருந்தார். சாமியின் முகத்தை நேராகப் பிடிக்க உயரம் போதவில்லை என்று கயிற்றைத் தாண்டி ஏறியிருந்தார். “அது மேல ஏறாதீங்க மாஸ்டர்” என்று அவள் சொன்னதும், “கல்லும்மா அது, உனக்கென்ன வலிக்குதா?” என்று அவர் கேட்டதும், பக்கத்தில் நின்றவர்கள் மொழி புரியாமலே சிரித்ததும் ஞாபகம் இருந்தது.

வலித்திருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், ஒரு மதிலுக்கு அந்தப் பக்கம் படம் எடுக்க ஸ்டூல் கிடைக்கவில்லை என்று அவளைக் குனியச் சொல்லி, ஷூவோடு அவள் முதுகில் ஏறி நின்றவர்தான் இவர். அன்றும் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துத் தொலைத்தாள். அவளுடைய அம்மா ஒரு காலேஜில் தரை துடைத்தாள். மகள் அதே காலேஜில் சேர்ந்த பிறகு, வராந்தாவில் எதிரே வந்தால் யாரோ மாதிரி வாளியை நகர்த்திக்கொள்வாள். முழங்கால் தரையில் பதிய ஒரு பெண் இருந்தால், ஊர் கண்ணில் அவள் படமாட்டாள் என்பது இந்த மகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏழாவது படம். மாஸ்டர் இறங்கிவிட்டிருந்தார்.

குனிந்தவளின் தலை தொங்கவில்லை.

எட்டில் ஒரு கை முன்னால் வந்திருந்தது. பத்தில் கயிற்றுக்கு வெளியே இருந்தாள். பதினைந்தில் கூட்டத்துக்கு நடுவில், சட்டைகளும் குடைகளுமாக இருந்த அத்தனை நிறங்களுக்கு இடையில் ஒரு சாம்பல் நிறம், முட்டி போட்டபடியே. ஒரு ஆள் என்னவென்றே பார்க்காமல் சற்று ஒதுங்கி வழி விட்டிருந்தார். எந்தப் படத்திலும் அவள் எழுந்து நிற்கவில்லை. எந்தப் படத்திலும் அசைவின் மங்கல் இல்லை. க்ளிக் என்னும்போது கல். க்ளிக்குக்கும் க்ளிக்குக்கும் நடுவில்தான்.

முப்பதாவது படத்தில் மாஸ்டர் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவர் கணுக்காலுக்கு ஒரு சாண் தள்ளி, விரித்த கல்விரல்கள்.

“என்ன டிகிரி, முடிஞ்சுதா?”

நாற்காலியோடு துள்ளினாள். மாஸ்டர் பின்னால் நின்று துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்த படம்தான் திரையில் பெரிதாக இருந்தது. அவர் முகம் மலர்ந்தது.

“அடேங்கப்பா! அந்தக் குனிஞ்ச பொம்மையையும் தூக்கிட்டியா? நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். பார்வையை அதுதான் கெடுத்துச்சு. இப்ப சாமி என்ன கம்பீரம் பாரு!”

“நான் தூக்கல, மாஸ்டர்.”

“பின்ன?”

“அது நகர்ந்திருக்கு. முப்பது படத்தையும் பாருங்க. உங்களைப் பாத்து வந்திருக்கு.”

“ஆமா, நீ தூக்கல. கம்ப்யூட்டர் தூக்குச்சு.” குனிந்து, அவளுக்கு மேலாகக் கையை நீட்டி, அட்டைப் படத்தின் கீழே தன் பெயரை அவரே தட்டினார். பெரிய எழுத்து. “அப்ப கம்ப்யூட்டர் பேரையும் அட்டையில போடுவோமா?”

பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார். அவ்வளவுதான். மூன்று வருடம் ஒரு விசைத் தட்டலில் போய்விட்டது. அவர் விசிலடித்தபடி சட்டை மாற்ற உள்ளே போனார்.

கேமராவை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோபத்தில் பாதி, பயத்தில் பாதி. எது எது என்று பிரிக்க முடியவில்லை. புத்தகத்தின் கடைசிப் பக்கத்துக்காக இன்று காலை பால்கனியிலிருந்து எடுத்த முப்பது படங்கள் இன்னும் கேமராவிலேயே இருந்தன. தூரத்தில் கோபுரம், கீழே இந்தத் தெரு. திறக்காதே என்று உடம்பு சொன்னது. திறந்தாள்.

முதல் படத்தில், தெருக்கோடியில், மூடிய கடையின் ஷட்டரை ஒட்டி ஒரு சாம்பல் நிறக் குவியல். சிமெண்ட் மூட்டை மாதிரி.

ஒன்பதாவதில் அது இரண்டாவது விளக்குக் கம்பத்தடியில் இருந்தது. ஒரு இளைஞன் அதன்மேல் காலைத் தூக்கி வைத்து ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தான். அவனை அது ஒன்றும் செய்யவில்லை. அதற்கு வேறு வேலை இருந்தது.

பதினெட்டு. மருந்துக்கடை வாசல்.

இருபத்து நாலு. எதிர் வீடு.

முப்பதாவதில் தெரு காலியாக இருந்தது. படத்தின் அடி விளிம்பில், பால்கனிக்கு நேர் கீழே, இரண்டு கல் பாதங்களின் அடிப்பக்கம் மட்டும். மீதி உடம்பு இந்தக் கட்டடத்தின் வாசலுக்குள்.

அது காலை பத்து மணி. அதன் பிறகு இருவரும் கீழே இறங்கவில்லை.

இப்போது வாடை தொண்டை வரை வந்திருந்தது. நனைந்த கல். பழைய எண்ணெய். கீழேயிருந்து, மிகக் கீழேயிருந்து, அம்மி இடம் மாறுவதுபோல ஒரு சத்தம்.

நின்றது.

“வண்டி ஹாரன் அடிக்குது பார். கிளம்பு, கிளம்பு.” மாஸ்டர் ஷூவை மாட்டிக்கொண்டிருந்தார். “பையெல்லாம் நீ எடுத்துக்க.”

அவள் எழுந்து அவர் எதிரில் நின்றாள்.

“கடைசியா கேக்குறேன் மாஸ்டர். அட்டையில வேணாம். உள்ள ஒரு மூலையில, சின்ன எழுத்துல.”

கெஞ்சலாக வந்தது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அவர் ஆம் என்றால் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். பால்கனிப் படங்களைக் காட்டி, கதவைத் தாழிட்டு, எப்படியாவது.

மாஸ்டர் லேஸை இழுத்து முடிச்சுப் போட்டார். “அந்தப் படத்தை எடுத்தது என் கண்ணு, டிகிரி. நீ கை. கைக்கு யாராச்சும் பேரு வைப்பாங்களா?”

“சரி மாஸ்டர்.”

“அப்படி வா வழிக்கு.”

தன் துணிப்பையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டாள். கேமரா பைகள், ட்ரைபாட், லென்ஸ் பெட்டி எல்லாவற்றையும் அவர் காலடியில் வரிசையாக வைத்தாள். வைத்துவிட்டு வெளியே நடந்தாள்.

“ஏய்! இதையெல்லாம் யாரு தூக்குறது?”

மாடிப்படி குளிர்ந்திருந்தது. மூன்றாம் மாடி. சுவர் வியர்த்திருந்தது. இரண்டாம் மாடி. மேலே அவர் திட்டுவதும் பைகள் உரசுவதும் கேட்டது. முதல் மாடி. அவளுக்கு வழி கிடைக்குமா என்பதும் நிச்சயமில்லை.

வாசல்.

நேற்று வரை இங்கிருந்து தெருவுக்கு ஒரு முழ உயரம் குதித்துத்தான் இறங்க வேண்டியிருந்தது. இப்போது வாசலை ஒட்டிக் குறுக்காக ஒரு படி கிடந்தது. சாம்பல் நிறம். நடுவில் குழிவு. குழிவுக்குள் ஒரு ஷூ தடம், மண்ணோடு. வெளியே வெயில், வண்டி, நடக்கிற ஆட்கள். ஒருவரும் பார்க்கவில்லை.

“அக்கா,” என்றாள். “வழி விடுக்கா.”

ஒன்றும் அசையவில்லை. பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த முதுகின்மேல் ஒரு விரல்கூடப் படாமல் தாண்டிக் குதித்தாள். கால் தெருவில் பட்டது. உயிர் இருந்தது.

“டிகிரி!” மாஸ்டர் கடைசித் திருப்பத்தில் வந்துவிட்டார். இரண்டு கை நிறையப் பைகள், தாடை வரை. “கால் தெரியலடி. குதிக்கணுமா, இல்ல ஏதாவது போட்டு வச்சிருக்காங்களா?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கல்லின் முதுகு மெல்லத் தாழ்ந்தது. குழிவு நிரம்பிச் சமமானது. ஒரு கால் வைப்பதற்கு வாகாக.

“படி போட்டிருக்காங்க, மாஸ்டர்,” என்றாள். “தாராளமா மிதிச்சு இறங்குங்க.”

வண்டியைத் தாண்டி நடந்தாள். பின்னால் ஷூ சத்தம், ஒன்று, இரண்டு, வாசலை நெருங்கியது. கத்தினால் கேட்கிற தூரம்தான். அவள் கத்தவில்லை. வாசல் நிழலில் இரண்டு கல் உள்ளங்கைகள் தரையை விட்டு மேலே திரும்பி, விரிந்து, காத்திருந்தன.