பனிவண்டிக்கு இரண்டு கம்பு

"நான் வரல. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க" என்று டோகோ சொன்னதும் ஹில்லாவுக்கு மனசே கேட்கவில்லை.

நாளை அவர்கள் வகுப்பு முழுவதும் ஏரிக்கரைக் குடிலுக்கு நடந்து போய்த் தங்கப் போகிறது. டோகோவுக்குத் தோளில் அடி. நடக்கலாம், சுமக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"உன் மூட்டையையும் சேத்து நான் இழுத்துட்டு வரேன்டா. எங்க வீட்ல பனிவண்டி இருக்கு."

"கயிறு கட்டின வண்டிய டீச்சர் விடமாட்டாங்க. போன வருஷம் உங்க அண்ணன் விழுந்தது மறந்துடுச்சா?"

எப்படி மறக்கும்? இறக்கத்தில் கயிறு தொய்ந்து, பின்னால் வந்த வண்டி யாலோ அண்ணனின் காலை வாரிவிட்டது. அண்ணன், வண்டி, சட்டி எல்லாம் புதருக்குள். அன்றிலிருந்து கயிற்றுக்குத் தடை. இழுப்பவரின் இடுப்பு வாருக்கும் வண்டிக்கும் நடுவில் இரண்டு கம்பு இருக்க வேண்டும். அப்போதுதான் வண்டி முட்டாது.

"அப்போ கம்பு போட்டுடுவோம்" என்றாள் ஹில்லா.

மேடுபள்ளத்தில் உடையாமல் வளைந்து நிமிரும் கம்பாக இருக்க வேண்டும். கொட்டகையில் பழைய அலுமினியக் குழாய் ஒன்று கிடைத்தது. வளைத்தாள். வளைந்தது வளைந்தபடியே நின்றது. அடுத்து சாம்பல் நிறப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய். அன்று முற்றத்திலிருந்த சவுனாவை, அதாவது நீராவிக் குளியல் குடிசையை, மூட்டியிருந்தார்கள். குழாயை அந்தச் சூட்டுக்குள் கொண்டுபோய் வளைத்துப் பார்த்தாள். வில்லாக வளைந்து உடனே நிமிர்ந்தது.

"கிடைச்சாச்சு!" என்று துள்ளினாள். பிறகு தலையைச் சொறிந்தாள். "நாளைக்கு நாம நடக்கப் போறது சவுனாவுக்குள்ளயா?"

குழாயை வெளியே பனிக்குவியலில் செருகிவிட்டு வந்து, அம்மாவோடு நன்றாக வியர்க்க உட்கார்ந்தாள். பிறகு துண்டைச் சுற்றிக்கொண்டு, கம்பளிக் காலுறையோடு வெளியே ஓடினாள். உடம்பிலிருந்து ஆவி பறந்தது. குழாயை வளைத்தாள்.

படக்!

பனி அள்ளிக்கொண்டிருந்த யாலோ விழுந்து விழுந்து சிரித்தான். "உடைச்சாச்சா? அடுத்து எதை உடைக்கப் போற வாலு?"

"பேசாம பனிய அள்ளு!"

அப்போதுதான் சவுனாவின் கூரை விளிம்பைப் பார்த்தாள். அவளுடைய நீளமான மூங்கில் தூண்டில் அங்கேதான் தொங்கியது. குளிர்காலம் முழுக்க அங்கேதான் கிடக்கிறது. அடிப்பக்கத்தைப் பிடித்து வளைத்தாள். கிறீச்சிட்டது, வளைந்தது, நிமிர்ந்தது.

ஆனால் அதை அறுக்க அவளுக்கு மனம் வரவில்லை. அவள் பிடித்த பெரிய மீனெல்லாம் அந்தத் தூண்டிலில் பிடித்ததுதான். அதுவும் அடிப்பக்கம் மட்டும்தான் தடிமன். அதில் ஒரு கம்புதான் தேறும்.

போனில் விஷயத்தைக் கேட்ட டோகோ தன் மூங்கில் தூண்டிலோடு வந்து நின்றான்.

"என்னோடதையும் அறு."

"நிஜமாவா?"

"சீக்கிரம் அறு. அப்புறம் மனசு மாறிடும்."

ஹில்லா கண்ணை மூடிக்கொண்டு ரம்பத்தை இழுத்தாள். அடிக்கம்புகள் வண்டிக்குப் போயின. மெல்லிய நுனிகளை டோகோ எடுத்துக்கொண்டான்.

மறுநாள் இறக்கத்தின் உச்சியில் டீச்சர் வழியை மறித்து நின்று கம்புகளை ஆட்டிப் பார்த்தார். "ம், மெதுவா இறங்கு."

ஹில்லா இறங்கினாள். வண்டி சமர்த்தாகப் பின்னால் வந்தது. திடீரென்று நின்றாள். வண்டியும் நின்றது. ஒரு முட்டல் இல்லை!

"அப்பாடா!" என்றான் டோகோ. அதுவரை அவன் மூச்சே விடவில்லை.

குடிலுக்கு வந்ததும் டீச்சர் ஏரிப் பனிக்கட்டியில் துளை போட்டுக்கொடுத்தார். டோகோ சட்டைப்பையிலிருந்து இரண்டு குட்டித் தூண்டில்களை எடுத்தான். அந்த நுனிகள்தான்! சாண் நீளம், நரம்பு கட்டி, முள் மாட்டியிருந்தது.

"பனித்துளையில மீன் பிடிக்க இவ்வளவு நீளம் போதும். ஒரு கையும் போதும்" என்றான்.

முதல் மீன் அவனுக்குத்தான் மாட்டியது. உள்ளங்கை அகல வரிமீன். ஹில்லா அதை வாங்கி வண்டியில் வைக்கப் போனாள். டோகோ விடவில்லை.

"இத மட்டும் நானே தூக்கிட்டு வரேன். டாக்டர்கிட்ட சொல்லிடாத!"