வீட்டுக்காரம்மா

மழை கொட்டுகிற நேரம் பார்த்தா வீடு பார்க்க வரவேண்டும்? தரகர் வழியிலேயே மாட்டிக்கொண்டார். அகலமான தெருக்கள், பாதிக்கு மேல் காலி மனைகள், ஒதுங்க ஒரு கடைகூடக் கிடையாது. விலைக்கு வந்த அந்தக் கடைசி வீட்டின் கதவு மட்டும் திறந்திருந்தது. ஆளில்லாத வீடு என்று நினைத்து அவள் உள்ளே ஓடினாள்.

நனைந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே சமையலறைச் சுவரைப் பார்த்தாள். "இருமல் மருந்து கலர்ல யாரு பெயின்ட் அடிச்சது..."

"நான்தாங்க," என்றது பின்னால் ஒரு குரல்.

திரும்பினாள். வெறும் கண்ணுக்கு ஓர் உயரமான கலங்கல்தான் தெரிந்தது. கண்ணாடியை மாட்டினாள். ஐயோ... கண்கள் இப்படிக்கூடச் சிரிக்குமா? அவன் அங்கே வாடகைக்குக் குடியிருப்பவன். கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை.

"பவர் மாறியிருக்கு போல. அது ரோஸ் கலருங்க," என்றான்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சொந்தமாக ஒரு வீடு, அதில் தன் இஷ்டத்துக்கு ஒரு வாழ்க்கை... அதற்காகவே வந்த வரன்களையெல்லாம் தட்டிக்கழித்து அண்ணனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். வீடு பிடித்துப்போயிற்று. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க வந்தாள். திரைச்சீலைக்கு அளவெடுக்க வந்தாள். எடுத்த அளவையே மறுபடி எடுக்கவும் வந்தாள், வெட்கங்கெட்டவள். அவனும் ஒவ்வொரு தடவையும் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஆனால் வீடு கைக்கு வர வர, அவன் போகும் நாளும் நெருங்கியது. 'இருங்களேன்' என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. என்னவாக இருக்கச் சொல்வது? அவனோ ரோஷக்காரன். நிம்மதிக்காக அவள் வாங்கிய வீட்டில் தான் எதற்கு நடுவில் என்று, டவுனில் ஓர் அறை பார்த்துவிட்டான். பத்திரம் பதிவான அன்று அவள் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். ஆசைப்பட்ட வீடு கிடைத்ததற்கு அழுதவள் அவள் ஒருத்திதான் இருப்பாள்.

காலி செய்யும் நாளும் வந்தது. சாவி வாங்க வந்தவள் வாசலிலேயே நின்றாள். கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். இரண்டு கையிலும் ஒரு பெட்டியோடு, ஜன்னலில் வைத்த போனில் ஸ்பீக்கர் போட்டுத் தன் அக்காவோடு பேசிக்கொண்டிருந்தான்.

"அப்புறம் பேசறேன்க்கா. வீட்டுக்காரம்மா வந்திருக்காங்க."

மறுமுனையில் ஒரு விசும்பல். "பாவி... எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம கல்யாணமே பண்ணிக்கிட்டியாடா?"

அந்த வீட்டுக்காரம்மா இல்லை, வீட்டை வாங்கினவர்கள் என்று அவன் உளறினான். அவள் போனை எடுத்தாள். இப்போது விட்டால் இந்தப் பெரிய வீட்டில் ஆயுசுக்கும் தனியாக உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

"இன்னும் பண்ணிக்கலக்கா," என்றாள். "உங்க தம்பி கேக்கவே மாட்டேங்கறார்."

போனை வைத்தது அவளா, அக்காவா... இருவருக்கும் நினைவில்லை. அவன் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்தான்.

"வீட்டுக்காக ஒட்டிக்கிட்டான்னு நாளைக்கு உங்க அண்ணன் சொல்லிடக்கூடாதேன்னுதான்... உங்களைப் பிடிச்சிருக்குங்க. ரொம்ப... இப்ப சொல்லுங்க, நான் காலி பண்ணணுமா?"

"ஆமா," என்றாள், கண் நிறைந்து. "அந்தப் பெட்டியெல்லாம் காலி பண்ணுங்க."