மஞ்சள் வளைய டூயி

காரை விட்டு இறங்கும்போதே தூறல் பிடித்துக்கொண்டது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம்தான். ஆனால் மூடுபனி மலையை இடுப்புவரை விழுங்கியிருந்தது. அதற்குக் கீழே பறவைக் காட்டைச் சுற்றிய வேலி மட்டும் தெரிந்தது. இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்பு வலை, உச்சியில் வெளிப்பக்கம் வளைந்த தகரம், அடியில் மண்ணுக்குள்ளும் வலையைப் புதைத்திருந்தார்கள். சுண்டெலிகூட நுழையாதாம்.

நான் வாழ்நாள் முழுக்கப் போஸம் என்கிற மரமேறிப் பிராணியைப் பிடித்துத் தோல் விற்றவன். எலி இல்லை, பூனை இல்லை, போஸம் இல்லை, இந்த மண்ணின் பறவைகள் மட்டுமே இருக்கிற காடு என்று எவனாவது சொன்னால் என்னால் நம்ப முடியாது. காடு என்றால் எதையாவது ஒன்று தின்னும்.

"எருவேரா, பையைக் கொட்டுங்க" என்றாள் வாசலில் சோதனைக்கு நின்ற வெண்டி.

"எதுக்கு? நான் என்ன எலி வளக்கிறவனா?"

"உங்க வண்டியைப் பாத்தா அப்படித்தான் தெரியுது. பூட்ஸையும் தேய்ங்க. சட்டைப் பையையும் வெளிய இழுங்க."

இழுத்துக் காட்டினேன். உள்ளே போகிறவனுக்குத்தான் இத்தனை சோதனை. வெளியே வருகிறவனை யாரும் எதுவும் கேட்பதில்லை.

என்னைக் கூட்டி வந்தவள் அராபேரா, என் தங்கை மகள். இங்கே பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்கு. அவள் புருஷன் ஃபெர்கஸும் இங்கேதான் வேலை பார்த்தான். நல்ல பையன், வெள்ளைக்காரனாக இருந்தாலும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு புயலுக்கு மறுநாள், மரம் விழுந்து வேலி உடைந்ததா என்று பார்க்க உள்ளே போனான். வாசல் பதிவுப் பெட்டியில் அவன் போனது பதிவாகியிருக்கிறது. வந்தது பதிவாகவில்லை. நாய்களை விட்டுத் தேடினார்கள், ஊரே தேடியது. அவன் சட்டைப் பொத்தான்கூடக் கிடைக்கவில்லை.

அராபேரா துக்கம் வைக்க விடவில்லை. உடம்பு இல்லாமல் யாரை நடுவில் கிடத்தி அழுவது என்பாள். ஆக்லாந்தில் அவளுக்கு நல்ல வேலை காத்திருந்தது. பெட்டி பாதி கட்டியபடி கட்டிலுக்கடியில் கிடந்தது.

காரில் வரும்போதுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"உள்ள அவன் குரல் கேக்குது மாமா. நீங்க பேசுற டூயியைப் பாத்திருக்கீங்க. பறவையா, அவனான்னு நீங்கதான் சொல்லணும்."

"பறவைன்னா?"

"கிளம்பிடுறேன்."

"அவன்னா?"

இந்த வருஷக் குஞ்சுகளுக்கெல்லாம் காலில் மஞ்சள் வளையம் போட்டாயிற்று என்று வேறு பேச்சை எடுத்தாள்.

பேசுற டூயியைப் பார்த்திருக்கிறேன். டூயி எங்கள் காட்டுக் கருப்புப் பறவை, கேட்ட சத்தத்தை அப்படியே திருப்பிச் சொல்லும். சட்டத்துக்குத் தெரியாமல் என் பெரியப்பா ஒன்று வளர்த்தார். வேறு சத்தம் காதில் விழக் கூடாது என்று கூண்டை அருவிக்குப் பக்கத்தில் வைத்து, ஒரே வாக்கியத்தை மாதக்கணக்கில் சொல்லிக் கொடுத்தார். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போகும் அவருக்கு. அப்படித்தான் அது பேசக் கற்றது.

வாசலில் இரண்டு கதவு. முதல் கதவைச் சாத்தினால்தான் இரண்டாவது திறக்கும். நடுவில் ஒரு சின்னக் கூண்டு. பச்சை விளக்கு எரிந்ததும் காட்டுக்குள் நுழைந்தோம்.

உள்ளே ஈரப் பெரணி வாசனை. மட்கிய இலை வாசனை. பறவைச் சத்தம் காதை அடைத்தது. இப்படி ஒரு சத்தத்தை நான் சின்ன வயதில்கூடக் கேட்டதில்லை. பாலத்தைத் தாண்டிப் பெரிய ரிமு மரங்களுக்கு அடியில் போனதும் அது நின்றுபோனது.

ஒன்று ஒன்றாகக் குறையவில்லை. எல்லாம் ஒன்றாக நின்றது.

அராபேரா என் கையைப் பிடித்தாள்.

"ஆரா. இந்தப் பக்கம். மெதுவா வா."

ஃபெர்கஸ் குரல்தான். அராபேராவை அவன் ஆரா என்றுதான் கூப்பிடுவான். அந்த மூக்கடைத்த பேச்சு, 'மெதுவா'வை இழுக்கிற இழுப்பு.

"மாமா?" என்றாள் முனகலாக.

"பேசாதே. பதில் குடுக்காதே."

மேலே பார்த்தேன். கிளையில் ஒரு டூயி. கருப்பில் பச்சை மினுங்க, தொண்டையில் வெள்ளைக் குஞ்சம் ஆட, அலகைத் திறந்தது.

"ஆரா. இந்தப் பக்கம்."

"பாரு, பறவைதான்" என்றேன். "உன் புருஷன்கிட்ட என்னைக்கோ கேட்டதைச் சொல்லுது, அவ்வளவுதான்."

அவள் அப்படியே பாசியில் மண்டியிட்டு, முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். மூன்று வருஷ அழுகை. "பறவைதான், பறவைதான்" என்று சிரித்துக்கொண்டே அழுதாள்.

அப்போது அந்த டூயி கீழ்க் கிளைக்குத் தாவியது.

காலில் மஞ்சள் வளையம்.

இந்த வருஷக் குஞ்சு. ஃபெர்கஸ் போனபோது அது முட்டையில்கூட இல்லை.

அப்படியென்றால் அதற்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பெரணிக்குள்ளிருந்து, என் முழங்கால் உயரத்தில், மெல்ல ஒரு இருமல் கேட்டது. சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டினவனின் இருமல்.

"எழுந்திரு" என்றேன். "மழை வலுக்குது. நட."

அவளை முன்னால் விட்டு நான் பின்னால் நடந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. எங்கள் நான்கு கால்களின் சத்தம் எனக்குத் தெரியும். அதற்கு மேலும் கேட்டது.

கூண்டுக்குள் நுழைந்து காட்டுப்பக்கக் கதவைச் சாத்தினேன். விளக்கு சிவப்பிலேயே நின்றது.

"சரியா சாத்தலை மாமா. கிழவனுக்குத் தோள்ல வலு போயிருச்சு" என்று கேலி செய்தாள். மூன்று வருஷத்தில் முதல் கேலி. வெளிக் கதவைப் பார்த்து நின்று மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தோளைக் கொடுத்துத் தள்ளினேன். கதவு ஒரு விரல் இடைவெளியில் நின்றது. அந்தப் பக்கமிருந்து யாரோ சாய்ந்து நிற்கிற கனம். வலைக்கு அப்பால் வெறும் பனி.

என் முகத்துக்கு நேரே கதவின் இரும்பு வலை என் பக்கமாகப் புடைத்தது.

ஒரு உள்ளங்கை அளவுக்கு.

வாயை வலையருகே வைத்து அந்தப் புடைப்பிடம் கிசுகிசுத்தேன். "அவளை விடுப்பா. அவ வாழ வேண்டியவ. துணைக்கு ஆள் வேணும்னா நான் வர்றேன்."

கனம் விலகியது. கதவு சாத்திக்கொண்டது. பச்சை.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு குழாய் இருக்கிறது. இறந்தவர் இருக்கும் இடத்தைவிட்டு வந்தால் கையைத் தண்ணீரில் நனைத்துத் தலையில் தெளித்துக்கொள்வது எங்கள் வழக்கம். இல்லாவிட்டால் செத்தவர் கூடவே வருவார். நான் குழாயைத் திறந்தேன்.

அராபேரா முகம் மாறியது. "எதுக்குக் கை கழுவுறீங்க? பறவைதானே?"

என்ன சொல்வேன்? கழுவினால் அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். அவள் அந்த நிமிஷமே திரும்பி ஓடுவாள்.

"தண்ணி குடிக்கலாம்னு பாத்தேன்" என்று சொல்லிக் குழாயை மூடினேன். இரண்டு பேரும் கழுவாமல் வண்டியில் ஏறினோம்.

அந்த வாரமே ஆக்லாந்து போனாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், பக்கத்து அறைக்காரி நல்லவள் என்பாள். வசந்தம் வந்ததும் துக்கம் வைக்கலாம், உடம்புக்குப் பதில் அவன் படத்தை வைத்து அழலாம் என்றுகூடச் சொன்னாள். அவனிடம் வர்றேன் என்று வாக்குக் கொடுத்தும் நான் வேலிக்குப் போகவில்லை. சாவு வீட்டில் சொன்ன வார்த்தைக்கெல்லாம் கோர்ட்டில் கணக்கு உண்டா?

நேற்று ஞாயிறு. சமையலறையில் ஜன்னலைத் திறந்து வைத்து அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். துக்கத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது, பன்றியை யார் அறுப்பது என்று பேச்சு. வெளியே என் வீட்டுப் புதரில் பூ தேடி ஒரு டூயி வந்து உட்கார்ந்தது. டூயிக்கு வேலி ஒரு பொருட்டில்லை. காலில் மஞ்சள்.

ஜன்னலைச் சாத்தக் கை நீட்டினேன்.

"எருவேரா மாமா" என்றது, மூக்கடைத்த குரலில். "எப்ப வர்றீங்க?"

போனில் அராபேராவுக்கும் அது கேட்டுவிட்டது.

"மாமா, அங்க யாரு?"

"ரேடியோம்மா" என்றேன்.

"ரேடியோவுக்கு உங்க பேரு எப்படித் தெரியும்?"

நான் வாயைத் திறப்பதற்குள், மறுமுனையில் அவள் கார் சாவியை எடுக்கிற சத்தம் கேட்டது.