கிழக்குப் படிக்கட்டு

கிழக்குப் படிக்கட்டில் மட்டும் யாரும் இறங்க மாட்டேன் என்றார்கள்.

யாரும் என்றால் நிஜ மனிதர்கள் இல்லை. அவள் கணினியில் உருவாக்கிய ஏஜெண்டுகள். திரையில் சின்னச் சின்ன நீலப் புள்ளிகள். தீப்பிடித்தால் தான் வேலை பார்க்கும் இந்த அலுவலகக் கட்டடத்திலிருந்து ஆட்கள் எப்படி வெளியேறுவார்கள் என்று பார்ப்பதற்காக, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே பார்வை, அவசரம், பயம் எல்லாம் எழுதிக் கொடுத்திருந்தாள். அபாய மணி அடித்ததும் புள்ளிகள் ஓடும். கிழக்குப் படிக்கட்டின் முதல் திருப்பம் வரை போகும். நிற்கும். வந்த வழியே திரும்பி, மேற்குப் படிக்கட்டில் போய் முட்டி மோதும்.

திரும்பியதற்கு எல்லாப் புள்ளிகளும் ஒரே காரணத்தைத்தான் பதிந்திருந்தன: முன்னால் கூட்டம்.

படிக்கட்டோ காலி.

காலையிலிருந்து இதே கூத்து. படியின் அகலத்தை மாற்றினாள். புள்ளிகளின் பயத்தைக் குறைத்தாள். எழுதியதை எல்லாம் அழித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எழுதினாள். டீ ஆறி ஆடை கட்டியது. தலைக்கு மேல் ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருக்க, ஒவ்வொருவராக வீட்டுக்குக் கிளம்ப, நாற்காலிகள் உருளும் ஓசையும் மெல்ல அடங்கியது.

டீம் லீடர் பையை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னுமா முடியல?"

"ஆளே இல்லாத இடத்துல கூட்டம்னு சொல்லுதுங்க சார். மண்டைய பிச்சுக்கலாம் போல இருக்கு."

"கூட்டத்தைப் பார்த்தா திரும்பணும்ங்கிற விதியவே தூக்கிடும்மா. நாளைக்கு ரிப்போர்ட் போனாத்தான் புதுசா கட்டுன மேல் மாடிக்கு ஆள் வர அனுமதி கொடுப்பாங்க."

"அது ஏமாத்து வேலை இல்லையா சார்?"

"இப்போதைக்கு ஓடட்டும்மா." லிஃப்ட் கதவு அவரை மூடிக்கொண்டது.

பல்லைக் கடித்தபடி அந்த விதியை நீக்கினாள். இந்த முறை புள்ளிகள் தயங்கவில்லை. வரிசையாகத் திருப்பத்தைத் தாண்டி இறங்கின. கீழ்வாசலில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"சனியனே!" மேசையைத் தட்டிவிட்டு எழுந்தாள். வரைபடத்தில்தான் ஏதோ தப்பு. நேரில் போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

கிழக்குப் படிக்கட்டின் கனத்த கதவைத் தள்ளியபோது முகத்தில் வெதுவெதுப்பாக ஏதோ அடித்தது. ஜன்னல் இல்லாத இடம், புதுச் சுண்ணாம்பு வாசனைதான் வர வேண்டும். ஆனால் ஆட்களை அடைத்துக்கொண்டு வெயிலில் நின்ற பேருந்தைப் போல, வியர்வையும் ஈரத்துணியும் விட்ட மூச்சும் கலந்து வீசியது. உள்ளே விளக்கு எரியவில்லை. கதவு பின்னால் தானாகச் சாத்திக்கொண்டது.

கைப்பிடியைப் பற்றினாள். சூடாக இருந்தது. இப்போதுதான் யாரோ கையை எடுத்ததுபோல.

கையிலிருந்த ஃபோன் அதிர்ந்தது. அக்கா.

"எங்கடீ இருக்க? சாப்பிடக் காத்துக்கிட்டு இருக்கோம்."

"ஆபீஸ்லதான்க்கா. ஒரு படிக்கட்டைப் பார்த்துட்டு உடனே கிளம்பிடுறேன்."

"என்ன சொல்ற? ஒண்ணுமே கேக்கல. சந்தைக்கடை மாதிரி இரைச்சலா இருக்கு. யாருடீ உன்கூட இத்தனை பேரு?"

அவள் காதில் எதுவும் விழவில்லை. ஏசியின் முனகல்கூட இல்லை.

"அக்கா..."

இணைப்பு அறுந்தது.

ஃபோன் விளக்கைப் போட்டாள். முதல் திருப்பம். ஒரு படி. இன்னொரு படி. எட்டிப் பார்த்தாள்.

ஆட்கள்.

படிக்குப் படி. தோளோடு தோள். வெளிச்சம் எட்டுகிற ஆழம் வரை. எல்லா முகங்களும் மேலே, அவளை நோக்கி.

முன்வரிசை மட்டும், சத்தமே இல்லாமல், இருபுறமும் ஒதுங்கி நெருக்கிக்கொண்டது. நடுவில் ஓர் ஆள் நிற்க இடம்.