மூன்றாவது டேக்

காலை 11.10.

மாடி அறையில் கூடைத் தொட்டிலின் துணியை விலக்கிய மேக்கப்காரி இரண்டடி பின்வாங்கினாள். உள்ளே குழந்தை இல்லை. குழந்தையின் தொப்பியை மாட்டிக்கொண்டு ஒரு ரப்பர் பொம்மை படுத்திருந்தது.

அது படப்பிடிப்புக்காக வாங்கிய பொம்மை. பெற்ற குழந்தையை வளர்க்க முடியாத ஒருத்தி, அதை முன்பின் அறியாத இன்னொருத்தியிடம் ஒப்படைப்பதுதான் படத்தின் கதை. முகம் தெரியும் ஷாட்டில் நிஜக் குழந்தை, தூரத்து ஷாட்டில் பொம்மை. நிஜக் குழந்தை, உடைகள் பிரிவில் இருக்கும் தையல்காரியின் எட்டு மாதப் பெண்.

பத்து நிமிடத்தில் அந்த இரண்டு மாடி வீடு தலைகீழானது. அலமாரி, கட்டிலடி, விளக்குப் பெட்டி எல்லாம் பார்த்தாயிற்று. தேடியவர்களில் நோட்டும் ஒருத்தி.

யூனிட்டில் அவளை எல்லோரும் ‘நோட்டு’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த ஷாட்டில் எந்தப் பித்தான் திறந்திருந்தது, டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது என்று எழுதியும் படம்பிடித்தும் வைப்பது அவள் வேலை. ஒரு முடி இடம் மாறினாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவள், சொந்த மகளுக்கு ஒரு வாரமாகக் காது வலி என்பதைக் கவனிக்காமல் இருந்துவிட்டாள். மகள் இப்போது தன் அப்பாவோடு, வேறு வீட்டில் இருக்கிறாள்.

11.35. இன்ஸ்பெக்டர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. புகார் கொடுத்தது தையல்காரியின் புருஷன். மனைவியைப் பிரிந்தவன். காலை ஒன்பது மணியிலிருந்து இரண்டு ஆட்களோடு கேட்டருகே நின்றிருந்தான்.

வீட்டுக்கு ஒரே கேட். மதில் ஆள் உயரத்துக்கு மேல். ஷாட்டில் ஓடிய கார் போன பிறகு யாரும் வெளியே போகவில்லை என்று காவலாளியும் சொன்னார், புருஷனும் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் மேக்கப்காரியைக் கேட்டார். “குழந்தைய கடைசியா எப்பப் பாத்தீங்க?”

“பத்தே முக்காலுக்கு மேடம். ஷாட் ஓகே ஆனதும் எட்டிப் பாத்தேன். தொப்பி தெரிஞ்சுது. தூங்குதுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

“அந்தப் பொம்மை எங்க இருந்துச்சு?”

படப்பிடிப்புப் பொருட்களுக்குப் பொறுப்பானவர் தலையைச் சொறிந்தார். “மூணு டேக்கும் அதை வச்சுத்தான் எடுத்தோம். ரெண்டாவது டேக் முடிஞ்சு நடிகை மேடம் அதைத் தூக்கிக்கிட்டே முகம் துடைக்க மேல போனாங்க. திரும்பி வந்து மூணாவது டேக். கார் ஓட்டிட்டு வந்தவங்க கையில கொடுத்தாங்க, கார் கேட்டைத் தாண்டிப் போயிருச்சு. ஷாட் ஓகே. அப்புறம் யாராவது வாங்கிக் கொண்டாந்து வச்சிருப்பாங்க.”

“யாரு?”

“நான் இல்ல.”

“சரி. பத்தே முக்காலுக்குக் குழந்தை இருந்திருக்கு. அதுக்கப்புறம் யாரும் வெளிய போகல. அப்ப குழந்தை இந்த வீட்டுக்குள்ளதான் இருக்கணும்.”

எல்லோரும் தலையாட்டினார்கள். தையல்காரி மட்டும் ஆட்டவில்லை.

“உங்க குழந்தைய யாரு எடுத்திருப்பாங்கன்னு நெனக்கிறீங்க?”

“தொட்டில்ல இல்ல மேடம்.”

“நான் கேட்டது அது இல்ல.”

இன்ஸ்பெக்டர் புருஷனின் புகாரைப் புரட்டினார்.

“நாலு மாசம் முன்னால பஸ் ஸ்டாண்டு பெஞ்சுல குழந்தைய விட்டுட்டுப் போனீங்களாமே?”

“போனேன். மூணு மணி நேரத்துல திரும்பி வந்துட்டேன். அப்ப அஞ்சு நாளாத் தூக்கமே இல்ல மேடம். என் கையாலயே அவளை ஏதாவது பண்ணிருவேனோன்னு பயந்துட்டேன்.”

கேட்டிலிருந்து புருஷன் கத்தினான். “அவதான் கொன்னுருப்பா. தண்ணித் தொட்டியப் பாருங்க.”

12.05. இரண்டு போலீஸ்காரர்கள் தரைக்கு அடியிலிருந்த தண்ணீர்த் தொட்டியின் சிமென்ட் மூடியை நகர்த்தினார்கள். அந்தச் சத்தம் கேட்டு யூனிட்டே தொட்டியைச் சுற்றிக் கூடியது. நோட்டு தொட்டியைப் பார்க்கத் துணிவில்லாமல் தையல்காரியின் முகத்தைப் பார்த்தாள்.

தையல்காரி வராந்தாச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தொட்டியில் தண்ணீரைத் தவிர எதுவும் இல்லை. குழந்தையின் பையைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு கவுன், துண்டு, கிலுகிலுப்பை. காலையில் நோட்டு கண்ணால் பார்த்த பால் புட்டியும் இருமல் மருந்தும் இல்லை. குழந்தையைத் திருடுபவன் அதன் இருமலைப் பற்றி ஏன் கவலைப்படப் போகிறான்?

அவள் ஓர் ஓரமாகப் போய்க் காலையில் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இரண்டாவது டேக் முடிந்து நடிகை: சாம்பல் நிறச் சட்டை, உலர்ந்த தோள். மூன்றாவது டேக் முடிந்து: இடது தோளில் உள்ளங்கை அளவு ஈரம். பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு குறிப்பு: ‘வியர்வையா? காய வைக்கணும்.’

12.25. நோட்டு மாடி அறைக் கதவைச் சாத்தினாள். உள்ளே நடிகையும் தையல்காரியும் இருந்தார்கள். நடிகை செட்டில் யாரோடும் ஒட்டாதவள். ஷாட் முடிந்த மறு நொடியே, “குழந்தைய எடுத்துட்டுப் போங்க” என்பவள்.

“எடுத்தது நீங்கதான் மேடம்,” என்றாள் நோட்டு. “மூணாவது டேக்ல உங்க கையில இருந்தது பொம்மை இல்ல. பொம்மை எச்சில் வடிக்காது.”

நடிகையின் கை தன்னையறியாமல் இடது தோளுக்குப் போனது.

“ரெண்டாவது டேக் முடிஞ்சு மேல வந்து மாத்திட்டீங்க. பொம்மைக்குத் தொப்பி போட்டுத் தொட்டில்ல படுக்க வச்சீங்க. மேக்கப் அக்கா பாத்தது அந்தத் தொப்பியத்தான். கேமரா முன்னாடி, நாப்பது பேர் முன்னாடி, இவ புருஷன் கண்ணு முன்னாடியே குழந்தைய வெளிய அனுப்பிட்டீங்க. பொம்மைய யாரு கொண்டாந்து வச்சாங்கன்னு எல்லாரும் தேடறாங்க. அது வெளிய போகவே இல்லையே.” தையல்காரியிடம் திரும்பினாள். “மருந்தை வச்சு அனுப்புனது நீ. குழந்தை எங்க இருக்கு? அதை மட்டும் சொல்லு.”

“நல்லா இருக்கா அக்கா.” தையல்காரி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். “குழந்தை யாருக்குன்னு திங்கக்கிழமை கோர்ட்டு. அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிருவேன்னு சொன்னான். போன வாரம் தொட்டில்லேர்ந்து அவளை ஒத்தக் கையைப் பிடிச்சே தூக்கினான். தோள் வீங்கிப்போச்சு.”

“ஸ்டேஷனுக்கு வந்திருக்கலாமே?”

இன்ஸ்பெக்டரின் குரல். கதவு எப்போது திறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தானே காட்டிக்கொடுத்துவிட்டோமே என்று நோட்டு பதறினாள்.

“ரெண்டு தடவ வந்தேன் மேடம். பஸ் ஸ்டாண்டுல விட்டவதானேன்னு திருப்பி அனுப்பிட்டாங்க.”

இன்ஸ்பெக்டர் நடிகையின் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இதுல என்ன?”

“சட்டைக்கு அளவெடுக்கும்போது இவ கை நடுங்குச்சு. ஏன்னு கேட்டேன், பஸ் ஸ்டாண்டுக் கதையச் சொன்னா.” நடிகை நிதானமாகப் பேசினாள். “நானும் என் பொண்ண விட்டுட்டு நடிக்க வந்தவதான். இவ மூணு மணி நேரத்துல திரும்பிப் போனா. நான் போகல.”

“கார் ஓட்டினது?”

“என் பொண்ணு. ஒம்பது வருஷமா எங்கூடப் பேச்சில்ல. இதுக்காகப் போன் பண்ணேன். முழுசாக் கேட்டுட்டு, எத்தன மணிக்கு வரணும்னு மட்டும் கேட்டா. ஷாட்டுக்கு வச்சிருந்த கார் கெட்டுப்போச்சுன்னு டைரக்டர்கிட்டச் சொல்லி அவ காரையே ஷாட்டுல நிறுத்தினேன்.”

இன்ஸ்பெக்டர் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார். புருஷன் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

“பெத்தவளே தன் குழந்தைய ஒரு எடத்துக்கு அனுப்பினா அது கடத்தல் இல்ல,” என்றார். “ஆனா குழந்தைய நான் கண்ணால பாக்கணும். அந்தத் தோளையும் டாக்டர் பாக்கணும். நீ ஜீப்புல ஏறு. உன் புருஷன்கிட்ட நான் பேசிக்கறேன்.”

நடிகை போன் போட்டாள். ஸ்பீக்கரில் வந்த குரலில் அம்மாவின் சாயல் அப்படியே இருந்தது. “இப்பத்தான் பால் குடிச்சா. மருந்தும் கொடுத்துட்டேன். அவங்க அம்மாவ அனுப்புங்க.”

“நானும் வரட்டுமா?”

அந்தப் பக்கம் முனகிய குழந்தையை மகள் தட்டிக்கொடுப்பது கேட்டது.

“இன்னிக்கு வேணாம்.”

இணைப்பு துண்டிக்கப்பட்டது. தையல்காரி எழுந்து நடிகையின் கையை ஒரு முறை இறுகப் பிடித்தாள். பிறகு இன்ஸ்பெக்டருக்கு முன்னால் படிகளில் ஓடினாள். கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது.

நடிகை போனை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள்.

“இன்னிக்கு வேணாம்னா,” என்றாள், “இன்னொரு நாள் வரலாம்னுதானே அர்த்தம்?”

நோட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு மேடம்.”