முதுகுப் பக்கம்

வேன் அந்த வீட்டு வாசலில் நின்றபோது காலை பத்து மணி. நல்ல வெயில். பேய்க் கதை சொல்கிறவர்கள் மழையையும் நள்ளிரவையும் முதலில் கூட்டிவந்து நிறுத்துவார்கள். என்னிடம் அதெல்லாம் இல்லை. பட்டப்பகலில் நடந்தது. முப்பது பேர் சுற்றி இருந்தோம்.

அப்போது நான் படப்பிடிப்புகளில் உடை பொருத்துகிறவன். சட்டைப் பையில் எப்போதும் ஊக்குகள் கிடப்பதால் எனக்கு 'ஊக்கு' என்றே பெயர். நிஜப் பெயர் என் மனைவிக்கே சில நேரம் மறந்துவிடும்.

பத்திரிகை அட்டையில் ஒரு பெண் அளவெடுத்துத் தைத்த உடையில் நிற்கிறாளே, அதை அப்படியே நம்பிவிடாதீர்கள். முன்பக்கம்தான் அந்த அழகு. பின்னால் போய்ப் பார்த்தால் கழுத்திலிருந்து இடுப்புவரை வரிசையாக இரும்புக் கிளிப்புகள் கவ்விக்கொண்டிருக்கும். காகிதக் கட்டுக்குப் போடுவார்களே, அதே கறுப்புக் கிளிப். துணியை இழுத்துப் பிடித்து அதைக் கவ்வ வைப்பதுதான் இருபத்திரண்டு வருடம் என் பிழைப்பு. படத்தில் கிளிப்பும் தெரியாது, நானும் தெரியமாட்டேன்.

அவ்வளவு வருடமும் ஒரே ஆளிடம்தான் வேலை. சார் என்றுதான் கூப்பிடுவோம். துணிக்கடைகளுக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தவர், பிறகு பத்திரிகைக்கு எடுத்தார். ஒன்பது வருடத்துக்கு முன் இதே வீட்டின் மரப்படிக்கட்டில் ஒரு படம் எடுத்தார். அந்த ஒரே படம் அவரை எங்கேயோ கொண்டுபோய் வைத்தது. விருது, விளம்பரங்கள், அதற்குப் பிறகு சினிமா. முதல் படம் ஓடியது. இரண்டாவது படுத்துவிட்டது. இது மூன்றாவது. இதுவும் போனால் அவர் மறுபடி துணிக்கடை வாசலில்தான் நிற்க வேண்டும். அதனால் பழைய இடத்துக்கே வந்தார். கடைசிக் காட்சியில் அந்தப் புகைப்படத்தை அப்படியே எடுக்கவேண்டும் என்றார். அதே படிக்கட்டு, பெட்டியில் அவர் பத்திரமாக வைத்திருந்த அதே பச்சை கவுன்.

"அந்தப் பார்வை வேணும், ஊக்கு. அது மட்டும் வந்துட்டா போதும்" என்றார்.

அந்தப் பார்வை என்ன என்பதை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். படத்தில் ஒரு பெண் படியிறங்கி வருகிறாள், பாதியில் நிற்கிறாள், கேமராவைப் பார்க்கிறாள். 'சொல்ல வந்ததை விழுங்கிவிட்ட கண்கள்' என்று யாரோ எழுதினார்கள். எல்லோரும் ஆமாம் போட்டார்கள். அவள் எதையும் விழுங்கவில்லை. சொன்னாள். நான் அவளுக்குப் பின்னால் ஒரு படி மேலே இருந்தேன்.

அவளை நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். என்னைவிட ஒரு முழம் உயரம். ஷூட் முடிந்ததும் மற்ற மாடல்கள் கிளிப்பைக் கழற்றி மூலைக்கு ஒன்றாக எறிந்துவிட்டுப் போவார்கள். நெட்டை அப்படியில்லை. ஒவ்வொன்றாக எடுத்து, சிறியது முதலில், பெரியது கடைசியில் என்று மேசையில் வரிசையாக அடுக்கிவைப்பாள். "எண்ணிக்கோங்கண்ணா, குறைஞ்சா என்னைச் சொல்லக்கூடாது" என்பாள். அந்தப் படம் எடுத்த அன்று அவளுக்குச் சளி. கழுத்திலும் நெஞ்சிலும் தைலம் தடவிக்கொண்டு வந்திருந்தாள். நான் பதினோரு கிளிப் மாட்டினேன். ஐந்தாவது படியில் நின்றவள் திரும்பி வீடு போகவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர்.

இப்போது அவள் தங்கை வேனின் பின்கதவைத் திறந்து ஒலிப்பதிவுப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தாள். அக்கா நெட்டை என்பதால் தங்கை குட்டை. அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பெண். சார்தான் படிக்கவைத்தார், தொழிலில் சேர்த்துவிட்டார். அவருக்கு எவ்வளவு பெரிய மனசு என்று ஊரெல்லாம் பேச்சு. அவ்வளவு பெரிய மனசு ஏன் வந்தது என்று அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.

குட்டை படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுதானாண்ணா?"

"ஆமாம்மா."

"அக்காவுக்கு வலிச்சிருக்குமா?"

"சேச்சே. சிரிச்சுட்டே நின்னா. அவளுக்கே தெரிஞ்சிருக்காது."

ஒன்பது வருடமாக நான் அவள் அம்மாவிடம் சொல்லிவந்த வாக்கியம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை. சொல்லிச் சொல்லி நாக்கில் தழும்பேறிவிட்டது. அன்று அந்தப் பெண் என்னை நம்பித் தலையாட்டியதும் எனக்குக் கூசிப்போனது. கிளிப் பெட்டியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

காட்சி இரவில் நடப்பதாகக் கதை. ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி அடித்தோம். பன்னிரண்டு மணி வெயில் வெளியே நிற்க, உள்ளே கும்மிருட்டு. படிக்கட்டின்மேல் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு. பழைய மரத்தின் வாடை, கறுப்புத் துணியின் வாடை. இரண்டுக்கும் நடுவே லேசாக இன்னொன்று.

தைலம்.

யாராவது தலைவலிக்குத் தடவியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

நடிகை புதுப்பெண். நான் மாட்ட மாட்ட மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டாள். கவுனின் மேல்பகுதிக்குள் கம்பிகள் உண்டு. கிளிப் போட்டால் விலாவைக் கவ்வும். அவள் மேலே ஏறினாள். சார் "ஆக்‌ஷன்" என்றார். அவள் நான்கு படி இறங்கினாள்.

ஐந்தாவது படியில் கவுன் தொளதொளவென்று சரிந்தது.

"கட். ஊக்கு, என்ன மாட்டின நீ?"

ஓடினேன். அவள் முதுகில் ஒரு கிளிப்கூட இல்லை. கீழே விழுந்திருந்தால் மரத்தில் சத்தம் கேட்டிருக்கும். கேட்கவில்லை. கைவிளக்கை அடித்துப் பார்த்தேன்.

ஐந்தாவது படியில் ஓரமாகப் பதினொன்றும் இருந்தன. சிறியது முதலில். பெரியது கடைசியில்.

யாரும் பார்ப்பதற்குள் அள்ளிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"நீங்கதானேண்ணா கழட்டினீங்க? பின்னாடி கை பட்டுச்சே" என்றாள் நடிகை மெதுவாக. "ரொம்பக் குளிர்ந்த கை."

இரண்டாம் முறை இன்னும் இறுக்கி மாட்டினேன். அதே ஐந்தாவது படி. அதே வரிசை.

சார் என்னை ஓரமாக இழுத்துப் போனார். அவர் முகம் வெளிறியிருந்தது. அவருக்கும் அந்த வரிசை தெரியும். எத்தனை மேசைகளில் பார்த்திருக்கிறார். ஆனால் அவர் அதைப் பேசவில்லை. "அவளுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கோ. கையாலயே புடிச்சுக்கோ. இன்னிக்கு இது முடியணும்" என்றார்.

மூன்றாம் முறை. கவுனின் விரிப்புக்குப் பின்னால், கேமராவுக்குத் தெரியாமல், நான்காவது படியில் குந்தினேன். மேலேயிருந்த கிளிப்பை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். நடிகை நின்றாள். அவள் முதுகு ஏறி இறங்கியது.

"அண்ணா" என்றாள் உதடு அசையாமல். "மூச்சு முட்டுது."

கீழே இருட்டிலிருந்து சாரின் குரல். "அதேதான். அந்தக் கண்ணு. அசையாதே. இன்னும் ஒண்ணே ஒண்ணு."

நான் கிளிப்பை விட்டிருக்கலாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விடவில்லை. ஒன்பது வருடம் அழுதவன், தூக்கம் கெட்டவன், அந்தக் குரலைக் கேட்டதும் பழைய நாய்போல அப்படியே குந்தியிருந்தேன்.

தைல வாசனை என் முகத்துக்கு நேரே வந்தது.

என் சுண்டு விரலை யாரோ தொட்டார்கள்.

ஈரத் துணிபோன்ற குளிர்ச்சி. பலவந்தம் இல்லை. குழந்தையின் கையிலிருந்து கத்தியை வாங்குவதுபோல, என் விரல்களை ஒவ்வொன்றாக, பதமாகப் பிரித்தார்கள். சுண்டு விரல். மோதிர விரல். நடுவிரல்.

பிறகு கிளிப் திறக்கும் சத்தம்.

பதினோரு தடவை.

நடிகை வாய்விட்டு மூச்சை இழுத்தாள். கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கீழே ஓடி, ஜன்னல் துணியை விலக்கி வெளிச்சத்தில் நின்றாள். நான் இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரொம்ப தேங்க்ஸ்ணா. நீங்க மட்டும் அவிழ்த்து விடலேன்னா விழுந்திருப்பேன்."

நான் தலையாட்டினேன். அந்த நன்றியையும் வாங்கிக்கொண்டேன்.

"ஷாட் ஓகே" என்றார் சார். அவருக்கு வேண்டிய பார்வை கிடைத்துவிட்டது. "ரூம் டோன் எடுத்துட்டுக் கிளம்பலாம்."

காட்சி முடிந்ததும் எல்லோரும் நின்ற இடத்தில் அசையாமல், பேசாமல் நிற்கவேண்டும். அந்த அறையின் வெறும் மௌனத்தை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வார்கள். அதுதான் ரூம் டோன். பேச்சுக்கு நடுவே கிழிசல் விழுந்தால் அந்த மௌனத்தை வைத்து ஒட்டுப்போடுவார்கள். எங்கள் தையலில் ஒட்டுத்துணி வைப்பதுபோலத்தான்.

குட்டை ஹெட்போனை மாட்டிக்கொண்டு கையை உயர்த்தினாள். முப்பது பேரும் சிலையானோம்.

ஐந்து விநாடி. பத்து.

அவள் சட்டென்று நிமிர்ந்து சாரின் வாயைப் பார்த்தாள். அது மூடியிருந்தது.

பிறகு என் வாயைப் பார்த்தாள்.

அவள் கண்ணில் நீர் கட்டி வழிந்தது. அப்போதும் உயர்த்திய கையை இறக்கவில்லை, அரை நிமிடம் முழுதாக நின்றாள். தொழில் சுத்தம், அக்காவைப் போலவே. முடிந்ததும் என்னைக் கூப்பிட்டு, பதிவைத் திருப்பி ஓடவிட்டு, ஹெட்போனை என் காதில் வைத்தாள்.

முதலில் வெறும் அறை. பிறகு சளி கட்டிய மூச்சு. அதற்குள்ளிருந்து, நான் மறக்கமுடியாத அந்தக் குரல்.

"ஊக்கு அண்ணா. மூச்சு முட்டுது. மேல ஒண்ணு மட்டும் எடுத்து விடுங்கண்ணா."

அடுத்து சாரின் குரல். "கையை எடு, ஊக்கு. இந்தக் கண்ணுதான் வேணும். இன்னும் ஒண்ணே ஒண்ணு."

கேமராவின் சத்தம்.

"அண்ணா, ஒண்ணு மட்டும்."

கேமராவின் சத்தம்.

"அண்ணா."

மரத்தில் ஏதோ விழும் ஓசை. அதற்குமேல் ஒன்றுமில்லை. நான் ஏதாவது சொல்லியிருப்பேனோ, ஒரு வார்த்தையாவது முனகியிருப்பேனோ என்று காதை அழுத்திக்கொண்டு தேடினேன். கடைசி விநாடிவரை என் குரல் அதில் இல்லை.

சார் வந்து ஹெட்போனைப் பிடுங்கிக் கேட்டார். சூடு பட்டவர்போல உடனே கழற்றினார். "வயர்ல ஏதோ கோளாறு. அழிச்சிடு."

"எதை சார்?" என்றாள் குட்டை. "எங்கம்மா கையைப் புடிச்சு அன்னிக்கு அப்படி அழுதீங்களே சார்."

அவர் தரையைப் பார்த்தார். அவ்வளவு பெரிய மனிதர் கூனிக் குறுகி நின்றதை அன்றுதான் பார்த்தேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சிரிச்சுட்டே போனான்னு நீங்க சொன்னதைச் சொல்லிக்கிட்டுத்தாண்ணா எங்கம்மா தினம் படுக்கறாங்க. அக்கா மூணு தடவை கூப்பிட்டிருக்கா. உங்களைத்தான் கூப்பிட்டிருக்கா. நீங்க என்ன பண்ணீங்க?"

உண்மையைச் சொன்னேன்.

"என் கை கிளிப் மேலதாம்மா இருந்துச்சு. சார் கையை எடுன்னாரு. எடுத்துட்டேன். வேலை போயிடும்னு பயம்."

அவள் என்னைத் திட்டவில்லை. ஹெட்போன் வயரைச் சுருட்டினாள், பெட்டியை மூடினாள், வெயிலில் நடந்து போனாள். அன்று மாலையே அவள் அம்மா வீட்டுச் சுவரிலிருந்து அந்தப் படத்தை இறக்கிவிட்டார்களாம். சாரின் மூன்றாவது படம் வரவில்லை. பெரிய பத்திரிகைகள் காரணம் கேட்டபோது அவர் உடம்பு சரியில்லை என்றார். இப்போது யாரும் கேட்பதில்லை.

நான் அந்தத் தொழிலை விட்டுவிட்டேன். ஒரு தையல்கடையில் பொத்தான் தைக்கிறேன். கிளிப் பெட்டியைக் குப்பையில் போட்டாயிற்று. இனி அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாலும், வரவேண்டிய கோபத்தோடு வருவாள் என்று நினைத்தேன்.

போன வாரம் எனக்குச் சளி பிடித்தது. குளிருக்காகச் சட்டையைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு படுத்தேன். விடியற்காலையில் மூச்சு முட்டி விழித்தேன். அறையில் தைல வாசனை. என் வீட்டில் தைலம் கிடையாது.

மேல் பொத்தான் அவிழ்ந்திருந்தது.

மறுபடி போட்டுக்கொண்டு படுத்தேன். கண்ணை மூடியதும் அந்தக் குளிர்ந்த விரல்கள் கழுத்துக்கு வந்தன. நெரிக்கப்போகிறாள், நெரிக்கட்டும் என்று அசையாமல் கிடந்தேன். நெரித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

பதமாக, வலிக்காமல், மேலே ஒன்று மட்டும் எடுத்துவிட்டாள்.