நடுவில் போட்ட நாற்காலி

நான்கு தடங்களிலும் ஒரே இடத்தில் சத்தம் அறுந்தது. ஒரு தடத்தில் அறுந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு என்று சொல்லிவிடலாம். இரண்டில் அறுந்தால் டேப் எங்கோ கசங்கியிருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். இது நான்கிலும் ஒரே நொடியில், கத்தரியால் வெட்டி எடுத்ததுபோல் அறுந்து, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்தது. மோகனசுந்தரம் டேப்பைப் பின்னால் ஓட்டி மறுபடி கேட்டான். அதே இடம். ஏறக்குறைய நான்கு நொடி. அரை நிமிடம் கழித்து இன்னொன்று.

தன் காதில்தான் கோளாறு என்று முதலில் நினைத்தான். அவனுக்கு எதிலும் முதல் சந்தேகம் தன்மேல்தான் வரும். காலை நாலரை மணிக்கு எழுந்து மீனாட்சிபுரம் பால் சங்கத்தில் நிற்கிறான். மதியம் தோப்புக்குத் தண்ணீர் திருப்பிவிடுகிறான். இரண்டு மாதமாக, ராத்திரியில் மூன்று முறையாவது எழுந்து தங்கையின் மூச்சைக் கவனித்துவிட்டுப் படுக்கிறான். அப்படிப்பட்ட ஆளின் காதை எப்படி நம்புவது? நோட்டை எடுத்து, "இடைவெளி, நான்கு தடம், காரணம் தெரியவில்லை" என்று எழுதினான். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டான்.

மெஷின் ஜப்பானில் செய்த பழைய குவாட்ரபோனிக் டேப் மெஷின். அறையின் நாலு மூலைக்கும் நாலு ஸ்பீக்கர் வைத்து, ஒவ்வொன்றுக்கும் தனித் தடத்தில் தனிச் சத்தம் அனுப்பும். நடுவில் உட்கார்ந்து கேட்டால், பதிவு செய்த இடத்துக்குள்ளேயே உட்கார்ந்ததுபோல் இருக்கும். இந்த வகை மெஷின்களைத் தேடிப் பிடித்துச் சரிசெய்வது அவனுக்குப் பைத்தியம். சொந்தமாக மூன்று வைத்திருந்தான். இது மாட்டுப்பட்டியில் ஜீப் ஓட்டும் அருண்பாண்டி சரிசெய்யக் கொடுத்தனுப்பியது. தேயிலை எஸ்டேட் பங்களாவைக் காலி செய்தபோது கிடைத்ததாம், உள்ளே மாட்டிய டேப்போடு.

வேலையில் ஒரு சிக்கல் உண்டு. நாலு பக்கமும் சத்தம் சமமாக வருகிறதா என்பது நடுவில் இருப்பவருக்குத்தான் தெரியும். அதைக் கூட்டிக் குறைக்கும் பிரீசெட்டுகளோ மெஷினுக்குப் பின்னால் இருக்கின்றன. ஒருவனே இரண்டு இடத்தில் இருக்க முடியாது. அதனால் நடுவில் ஒரு பிரம்பு நாற்காலியைப் போட்டு, தங்கை செல்வப்பிரியாவை உட்கார வைத்துக்கொள்வான்.

அவளுக்கு இருபத்து மூன்று வயது. காய்ச்சல் இதயத்தில் இறங்கி, நாற்பது நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்திருந்தாள். ஆபத்து தாண்டிவிட்டது, இனி தூங்கி, தின்று, அவளே தேறி வர வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அவள் தூங்கவில்லை. வீட்டில் எல்லோருடைய நாளும் அந்த ஒன்றைச் சுற்றியே போனது.

"அண்ணா, பின்னாடி எடது பக்கம் கம்மியாக் கேக்குது."

திருகினான். "இப்ப?"

"இன்னுங் கொஞ்சம். ஆ, செரி. ஆனா என்ன பாட்டுங்ணா இது? கெணத்துக்குள்ள எருமை கத்துறாப்பல இருக்குது."

"பெல்ட்டு தொங்கிப்போச்சு. ஓட்டம் மெதுவா இருக்குது. புதுசு மாட்டுனாத் தெரியும்."

"மாட்டுனா நெசமாலுமே எருமையா இருக்கும் பாருங்க." சிரித்தாள். சிரித்ததற்கே மூச்சு வாங்கியது. அடங்கியதும் சொன்னாள், "நாலு பேருங்ணா. மூலைக்கு ஒருத்தரு."

புதன்கிழமை கூரியரில் பெல்ட் வந்தது. அன்று மாலை, விளக்கு வைக்கிற நேரத்தில், மாட்டி ஓடவிட்டான். எருமைக் குரல் மெல்ல உயர்ந்து, இழுபட்டு, பெண் குரலானது. நாலு பெண்கள். ஒருத்தி எடுத்துக்கொடுக்க, மற்ற மூவரும் மூலைக்கொருத்தியாய் வாங்கி நீட்டினார்கள்.

மலையேறிப் போனவளே, மழை தூறி நிக்குதடி,
கதவடச்சுப் போனவளே, காத்து வந்து தட்டுதடி,
எங் கண்ணு...

அங்கே அறுந்தது. நாலு மூலையிலும் ஒன்றுமில்லை. பிறகு, எந்திரிச்சுப் பாரடியே.

ஒப்பாரி. அவன் கை நிறுத்தும் பொத்தானுக்குப் போனது. போன கை அங்கேயே நின்றுவிட்டது. பிரியா தூங்கிக்கொண்டிருந்தாள். தலை ஒருபக்கம் சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, இரண்டு மாதமாக எந்த மாத்திரையும் கொடுக்காத தூக்கம். நிறுத்தினால் விழித்துவிடுவாள். இன்னும் ஐந்து நிமிடம் என்று அலமாரியில் முதுகைச் சாய்த்தான். சாய்த்ததுதான் நினைவிருந்தது.

"டேய், நோவுக்காரப் புள்ளைய ஊட்டுல வெச்சுட்டு எழவுப் பாட்டா போட்டிருக்கறே? உனக்கு அறிவு கிறிவு இருக்குதா?" தீவனக் கையோடு வாசலில் நின்றாள் அம்மா கமலாத்தாள்.

"டெஸ்ட்டுதானுங்கம்மா. அங்க பாருங்க. தூங்கறா."

அம்மா பார்த்தாள். பார்க்கப் பார்க்க அவள் தோள் இறங்கியது. "தூங்கறாளா," என்றாள் வேறு குரலில். "செரி. சத்தத்தக் கொறச்சு வை, பக்கத்துத் தோட்டத்துக்காரங்க ஆரு என்னன்னு வந்து நிப்பாங்க."

அதற்குப் பிறகு தினமும் விளக்கு வைத்ததும் பிரியாவே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். டேப் ஓடியது. அவள் தூங்கினாள். அவனும் தூங்கினான். ஒருநாள் அம்மாகூட நிலைப்படியில் தலைவைத்துப் படுத்துவிட்டாள். களைத்துப்போன வீட்டுக்கு யாரோ வந்து பொறுப்பை வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. மார்கழிக் காற்று கணவாய் வழியாக இறங்கி, பகலெல்லாம் தென்னை ஓலைகளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. உதடு வெடிக்கிற வறண்ட காற்று. அந்த அறைக்குள் மட்டும், மெஷின் சூடாகி அதன் பழைய தூசி வாசனை கிளம்பிய பிறகு, அதற்கு அடியில் வேறொரு வாசனை வந்தது. நனைந்த கம்பளியின் வாசனை. மழையில் கொழுந்து பறித்துவிட்டு வந்தவர்கள் கழற்றாமல் உட்கார்ந்ததுபோல. டேப் இருந்த பெட்டியில் ஈரம் ஏறியிருக்கும் என்று எழுதிக்கொண்டான்.

இடைவெளியை அவன் விடவில்லை. செல்போனை வைத்து அளந்தான். புதன் அன்று 1.9 நொடி. வியாழன் 1.4. வெள்ளி 0.8. பெல்ட் இறுகி ஓட்டம் கூடியிருந்தால் பாட்டு முழுவதும் குறைந்திருக்க வேண்டும். பாட்டு மூன்று நாளும் நாலு நிமிடம் பன்னிரண்டு நொடிதான். பதிந்த டேப்பில் ஒரு வெற்றிடம் எப்படிச் சுருங்கும்? நெடுநேரம் யோசித்து, "என் கை பிசகு, தூக்கம் போதவில்லை" என்று எழுதி அடிக்கோடு போட்டான். பிரியா இரண்டு இட்லியை ஒன்றாக்கியதும், பிறகு அதையும் பாதியில் வைத்ததும், கையைத் தொட்டால் கிணற்றுப்படிபோல் சில்லென்றிருந்ததும் அவன் கண்ணில் பட்டன. நோட்டில் ஏறவில்லை. தூங்குகிறாள் அல்லவா? தூங்கினால் தேறிவிடுவாள் என்றுதானே சொன்னார்கள்.

சனிக்கிழமை அளக்கக்கூட உடம்பு வரவில்லை. டேப்பை எப்படிக் கோப்பது, எந்தப் பொத்தான் என்று அவளுக்கே காட்டிக்கொடுத்தான். "நீயே போட்டுக்கோ கண்ணு," என்று சொல்லிவிட்டுப் படுத்தான்.

ஞாயிறு சாயங்காலம் பால் சங்கத்தில் வரிசை முடிகிற நேரத்தில் அருண்பாண்டி போனில் கூப்பிட்டான்.

"அண்ணே, மெஷினு ஓடுதா?"

"ஓடுதுங்க. நாளைக்கு வண்டில ஏத்திடறேன். உள்ள இருந்த டேப்பு ஒப்பாரிங்களே, ஆரு எழவுல பதிஞ்சதுங்க?"

அருண்பாண்டி சிரித்தான். "அது எழவே இல்லண்ணே. அப்ப இருந்த மேனேஜருக்கு இந்த நாலு ஸ்பீக்கர் கிறுக்கு. கூலிக்காரங்க லயத்துலருந்து நாலு பொம்பளைகளக் கூட்டியாந்து, பங்களா ஹால்ல மூலைக்கு ஒருத்தியா உக்கார வச்சு, ஆளுக்கு ஒரு மைக்க நீட்டி, பாடுங்கன்னுருக்காரு. சாவு இல்லாம ஒப்பாரி வைக்கக் கூடாதுய்யா, மாட்டோம்னுருக்காக. தொர விடுவாரா? நடுவுல ஒரு நாற்காலியப் போட்டு, இதுல ஒரு கொமரிப் பொண்ணு செத்து உக்காந்துருக்குன்னு நெனச்சுப் பாடுங்கன்னுட்டாரு. எங்க அப்பத்தா ராமுத்தாயும் அதுல ஒரு ஆளு."

மோகனசுந்தரம் பால் கேனின் மூடியைப் பிடித்துக்கொண்டு நின்றான். "நடுவுல அறுந்து அறுந்து போகுதுங்க."

"அது பேரு சொல்ற எடம்ணே. உசுரோட இருக்கவ பேர எப்படிச் சொல்றது? நாலு பேரும் வாய மூடிக்கிட்டாக."

"பொறவு?"

"பொறவு என்னத்த. அப்பத்தா சாகுற மட்டும் ஒரு கேத வீட்டுலயும் பாடல. ஏன் கெழவின்னு கேட்டா, ஆரம்பிச்சதே இன்னும் முடியலடான்னு சொல்லும். வயசான காலத்துல ஏதாச்சும் சொல்றதுதான். அது கெடக்கு, ஹெட்டு பழசேதானா, மாத்துனீகளா?"

அழைப்பைத் துண்டித்தான். 1.9. 1.4. 0.8. சனிக்கிழமை அளக்கவில்லை. அம்மா பெருமாட்டியில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தாள். வீட்டுக்குப் போன் செய்தான். மணி முழுவதும் அடித்து நின்றது. மறுபடி அடித்து நின்றது. தூங்குகிறாள் என்று தனக்கே சொல்லிக்கொண்டான். அந்தச் சொல் இப்போது வேறு மாதிரி இருந்தது.

பைக்கை எடுத்தான். பக்கவாட்டில் மோதிய காற்று வண்டியை ரோட்டோரத்துக்குத் தள்ளிக்கொண்டே வந்தது. இருபுறமும் தென்னைகள் ஒரே பக்கமாகத் தலைவிரித்துச் சாய்ந்தன. பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. அவள் நேரத்துக்குத்தானே போடுவாள். அதற்குள் போய்விடலாம்.

தோப்புத் திருப்பத்திலேயே கேட்டது.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். தொழுவத்தில் மாடுகள் மூன்றும் தீவனத்தில் வாய் வைக்காமல் வீட்டைப் பார்த்து நின்றன. வீட்டில் விளக்கு எரியவில்லை. கதவு திறந்திருந்தது. நாலு குரல்களும் சுவருக்குச் சுவர் நிறைந்திருந்தன. இழுக்காமல், இரையாமல், சுத்தமாக. அவன் இத்தனை நாளும் பிரீசெட்டைத் திருகித் திருகி வரவழைக்கப் பார்த்த சுத்தம்.

கதவடச்சுப் போனவளே, காத்து வந்து தட்டுதடி,
எங் கண்ணு பிரியா, எந்திரிச்சுப் பாரடியே.

அறுபடவில்லை. ஒரு நூல்கூட.

உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினான். மெஷினின் சின்ன விளக்கு அணைந்தது. சக்கரங்கள் இரண்டும் மெதுவாகி, ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்றி, நின்றன. குரல்கள் நின்றன.

வெளியே காற்று மட்டும்.

பிரியா நாற்காலியில் இருந்தாள். கண் மூடியிருந்தது. மார்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தான். இருட்டில் தெரியவில்லை. கிட்டே போனான். ஏறி இறங்கியது. மிக மெதுவாக. அவள் முன்னால் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது, பின்னால் இடது மூலையில், யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

அந்த ஸ்பீக்கருக்கு மின்சாரமே இல்லை. அவன் திரும்பவில்லை. வலது மூலையில் ஒரு பெருமூச்சு. முன்னால், ஸ்பீக்கர் இருந்த இடத்தில், ஈரச் சேலையை முழங்காலுக்கு அடியில் செருகும் சத்தம். பாட்டுக்கு நடுவில் பெண்கள் மூச்சு வாங்கிக்கொள்வார்கள் அல்லவா, அப்படி. நனைந்த கம்பளி வாசனை தொண்டையில் இறங்கியது.

"பிரியா. எந்திரி கண்ணு. வா, வெளிய போலாம்."

"அண்ணா." கண்ணைத் திறக்கவில்லை. குரலில் பயமில்லை. நெடுந்தூரம் நடந்தவளுக்குப் படுக்க இடம் கிடைத்ததுபோல் இருந்தது. "இப்ப நாலு பக்கமும் சமமா இருக்குதுங்ணா."

"வா."

"கால எடுக்க முடியலீங்ணா."

அக்குளில் கை கொடுத்துத் தூக்கினான். எடையே இல்லை. ஆனாலும் வரவில்லை. யாரோ மடியில் வைத்திருக்கிற பிள்ளையைத் தூக்குவதுபோல் பாதியில் நின்றாள். குனிந்து அவள் காலைப் பார்த்தான். செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

இரண்டு பாதமும் ஒட்டியிருந்தன. கட்டைவிரல் இரண்டும் ஒன்றோடொன்று நெருக்கி, வெளுத்திருந்தன. விரலை விட்டுப் பிரிக்கப் பார்த்தான். பிரியவில்லை. கயிறு இல்லை. துணி இல்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தான். ஒன்றுமே இல்லை. இரண்டு விரல்களையும் சேர்த்துச் சுற்றி, தோலில் மெல்லிய பள்ளம் மட்டும். இறுகிக்கொண்டிருந்தது.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்கு மேல், இரண்டாவது சுற்று விழுந்தது.